குகேஷின் அப்பாதான் தன் ஹீரோ என்கிறான் பையன், என்ன செய்யட்டும்?

புளியந்தோப்பு டீச்சர் கேட்டது:

வணக்கம். வீட்டிலேயே மாலை டியூஷன் எடுக்கிறேன். எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற 11 பிள்ளைகள் வருகிறார்கள். ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாளுக்கு ஒரு பள்ளியில் பேச்சுப் போட்டி வைத்திருக்கிறார்கள். தலைப்பு ‘நான் போற்றும் தலைவர்’. பிள்ளைகள் எழுதிக்கொண்டு வந்ததைப் பார்த்தால் 9 பேர் காமராஜர், 2 பேர் அப்துல் கலாம். அத்தனை பேரும் ஒரே நோட்ஸிலிருந்து எடுத்த ஒரே வரிகள். கர்மவீரர், கல்விக்கண் திறந்தவர், அவ்வளவுதான்.

எனக்கு மனசு ஆறவில்லை. நோட்டை மூடச் சொன்னேன். ‘உங்களுக்கு நிஜமாகவே யாரைப் பிடிக்கும்? ஏன் பிடிக்கும் என்று காரணம் சொல்லாதீர்கள், அவர் செய்ததில் உங்கள் மனதில் நிற்கிற ஒரே ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்’ என்றேன். அப்புறம் பாருங்கள், அறையே மாறிவிட்டது. ஒரு பெண் டாக்டர் சாந்தாவைச் சொன்னாள். அவளுடைய ஆயாவுக்கு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில்தான் வைத்தியம் பார்த்தார்களாம். சாந்தா அம்மா ஆஸ்பத்திரி வளாகத்திலேயே குடியிருந்தார் என்று யாரோ ஆயாவிடம் சொல்லியிருக்கிறார்கள், அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். ‘ராத்திரியில கூப்பிட்டாலும் பக்கத்துலயே இருப்பாங்க டீச்சர்’ என்றாள். இன்னொருவன் தோனி. ஜெயித்த கதை எதையும் அவன் சொல்லவில்லை. ‘தோத்தாலும் அவரு யாரையும் திட்ட மாட்டாரு’ என்றான்.

ஒரு பையன் மட்டும் செஸ் சாம்பியன் குகேஷ் என்று தொடங்கி, ‘குகேஷ் இல்ல டீச்சர், குகேஷோட அப்பா’ என்றான். அவர் காது மூக்கு தொண்டை டாக்டர், பையன் கூடப் போட்டிகளுக்குப் போவதற்காகத் தொழிலையே நிறுத்தி வைத்தார் என்பதை எங்கேயோ கேட்டிருக்கிறான். போட்டியிலும் அதைத்தான் பேசுவேன் என்று பிடிவாதம். போட்டி விதியிலோ தலைவர்கள் மட்டும்தான் என்று இருக்கிறது. ‘காமராஜரையே பேசுப்பா’ என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவன் முகம் சரியில்லை. நான் செய்தது சரியா? உங்களுக்கும் இப்படி மனதில் நிற்கிற சம்பவம் இருந்தால் எழுதுங்கள், பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவேன்.

தி.நகர் தாத்தா:

அம்மா, உங்கள் கேள்வி என்னை இரண்டு நாள் தூங்க விடவில்லை. எனக்கு 77 வயது. திருமலைப்பிள்ளை சாலையில் காமராஜர் வாடகைக்கு இருந்த வீடு இப்போது நினைவு இல்லம். இன்றும் அந்த வழியாக நடந்து போனால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போவேன். 9 ஆண்டுகள் முதலமைச்சராக இருந்தவருக்குச் சொந்த வீடு கிடையாது.

எனக்குப் பிடித்த சம்பவம் எது என்றால், விருதுநகரில் அவருடைய அம்மா வீட்டுக்கென்று தனியாகப் போட்ட தண்ணீர்க் குழாயை எடுக்கச் சொன்னார் என்று சொல்வார்களே, அது. பல பேர் பல விதமாகச் சொல்லும் கதைதான், ஆனாலும் இளவயதில் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உங்கள் கேள்வியை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். அவளும் காமராஜர் என்றாள். ஆனால் அவள் சொன்னது குழாயை இல்லை, சோறு. ராமநாதபுரம் பக்கத்துக் கிராமத்துப் பள்ளியில், மதிய உணவு வந்த புதிதில், அலுமினியத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றதைச் சொன்னாள். தட்டு சுட்டுவிடக் கூடாதென்று பாவாடை நுனியைச் சுற்றிப் பிடிப்பாளாம். 50 வருஷம் ஒரே வீட்டில் ஒரே படத்தை மாட்டி வைத்திருக்கிறோம். அவள் கும்பிட்டது சோறு போட்டவரை, நான் கும்பிட்டது சொந்தத் தாய்க்கே சலுகை காட்டாதவரை.

நான் அரசு வேலையில் இருந்தவன். என் மகள் வேலைக்கு அலைந்தபோது, தெரிந்த ஒருவரிடம் ‘எந்த விண்ணப்பம் எப்போது வரும்’ என்று விசாரித்துச் சொல்லக்கூட மாட்டேன் என்று இருந்தேன். அது நேர்மை என்று நினைத்தேன். விசாரித்துச் சொல்வதில் என்ன நேர்மைக்கேடு வந்துவிடப் போகிறது? அவள் இன்றும் எதையும் என்னிடம் கேட்பதில்லை, அம்மாவிடம்தான் கேட்கிறாள். அந்தக் குழாய்க் கதையை நான் எதற்காக அவ்வளவு இறுக்கிப் பிடித்தேன் என்று இந்த இரண்டு நாளாகத்தான் யோசிக்கிறேன்.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். காமராஜரைப் பேசச் சொன்னதில் தப்பில்லை. உங்கள் காமராஜரை அவனுக்குக் கொடுக்காதீர்கள். அவர் வாழ்க்கையை முழுக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் அவன் கண் நிமிர்கிறதோ, அதை அவனே எடுத்துக்கொள்ளட்டும்.

முகப்பேர் செஸ் கோச்:

டீச்சர், கொஞ்சம் மாறுபடுகிறேன். குகேஷின் அப்பாவை மெச்சுகிற அப்பாக்களைத் தினமும் பார்க்கிறவன் நான். 2024 டிசம்பர் 12-இல் குகேஷ் உலகச் சாம்பியன் ஆன பிறகு இரண்டு அப்பாக்கள் என்னிடம் வந்து, வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டார்கள். ஒருவருடைய பையனுக்கு அப்போது ஏழு வயதுதான். அப்பா பேசப் பேச, அவன் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தான். அந்தத் தியாகம் எவ்வளவு கனம் என்று அவனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. குகேஷ் வீட்டில் அப்பா கூடப் போனார், அம்மாவின் சம்பளத்தில் வீடு நடந்தது, நண்பர்கள் கைகொடுத்தார்கள். அந்த அம்மாவின் பெயரைச் சொல்லி இதுவரை ஒருவரும் என்னிடம் வந்ததில்லை. ஆனந்துக்கு முதலில் காய் நகர்த்தச் சொல்லிக்கொடுத்ததே அவருடைய அம்மாதான் என்பதும் இந்த ஊரில் பலருக்கு மறந்துவிட்டது.

என் மனதில் நிற்கிற சம்பவம் சிங்கப்பூரில் நடந்தது. 14-ஆவது ஆட்டம், எதிரே ஆடிய டிங் லிரென் ரூக் காயைத் தப்பான கட்டத்தில் வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் 18 வயதில் உலகச் சாம்பியன். குகேஷ் அழுதார். அழுதுகொண்டே பலகையில் இருந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்து, பழையபடி தொடக்க இடத்தில் அடுக்கி வைத்தார். ஆட்டம் முடிந்தால் காயை அடுக்காமல் எழுந்திருக்கக் கூடாது என்று 15 வருஷமாகப் பிள்ளைகளிடம் கத்திக்கொண்டிருக்கிறேன். இப்போது கத்துவதில்லை, அந்த வீடியோவைப் போட்டுக் காட்டுகிறேன்.

உங்கள் மாணவன் அப்பாவை ஏன் சொன்னான் என்று அவனிடமே கேட்டீர்களா?

காசிமேட்டுப் பையன்:

என் ஹீரோ என் தாய்மாமா. போட்டியில் பேச முடியாது, தலைவர் லிஸ்டில் வர மாட்டார்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் ஃபைபர் போட்டை லாரியில் ஏற்றி முடிச்சூர் கொண்டுபோனவர்களில் அவரும் ஒருவர். தெருவுக்குள் இன்ஜின் ஓட்ட முடியாது, தண்ணீருக்கு அடியில் கேட், கம்பி எல்லாம் மாட்டும். இன்ஜினைத் தூக்கி வைத்துவிட்டு மூங்கில் கழியால் தள்ளிக்கொண்டே போயிருக்கிறார்கள். எத்தனை பேரை ஏற்றினீர்கள் மாமா என்று கேட்டால் கணக்குத் தெரியாது என்பார். ஆனால் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார். ஒரு பாட்டி மாடியிலிருந்து ஏணியில் இறங்கி வந்தாராம். கால் நடுங்குகிறது, மழை ஊற்றுகிறது. அந்த நிலையிலும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் போட்டில் கால் வைத்தாராம். ‘நம்ம போட்டுக்கு மரியாதை குடுத்துச்சிடா அந்தம்மா.’ நாங்களும் செருப்புக் காலோடு போட்டில் ஏற மாட்டோம்.

மெரினாவில் 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைத்த சிலைகள் எல்லாம் பெயர் உள்ளவர்கள்: வள்ளுவர், ஔவையார், கம்பர், போப், கால்டுவெல், பாரதி. தமிழ்தான் பெருமை என்று அந்தக் காலம் நினைத்தது தெரிகிறது, சந்தோஷம்தான். அதற்கு முன்பே, 1959-இலிருந்து, அங்கே உழைப்பாளர் சிலை இருக்கிறது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. நாலு பேர் பாறையைத் தள்ளுகிறார்கள், நாலு பேருக்கும் பெயர் கிடையாது. மாமாவை அந்தப் பக்கம் கூட்டிப்போனால் முதலில் பாறையைத்தான் பார்ப்பார். எந்தப் பக்கம் எவ்வளவு பலம் கொடுக்கிறார்கள் என்று கையை வைத்துக் காட்டுவார்.

புளியந்தோப்பு டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. கோச் சார் கேட்டதைத்தான் முதலில் செய்தேன். நேற்று மற்ற பிள்ளைகள் போன பிறகு அவனை உட்காரவைத்துக் கேட்டேன். அப்பா லாரி டிரைவர், சோலாப்பூர் லைன். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் பெரிது. ‘அவரு கூடவே போனாரு டீச்சர்’ என்றான். அதற்குமேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்புறம், தாத்தா ஐயா சொன்னபடி, காமராஜர் கதையை முதலிலிருந்து சொன்னேன். சின்ன வயதிலேயே அப்பா இறந்துபோனார், படிப்பை விட்டுவிட்டு மாமாவின் ஜவுளிக் கடையில் உட்கார்ந்தார் என்று சொல்லும்போதே நிறுத்தினான். ‘எத்தனை வயசுல டீச்சர்?’ அப்பா இறந்தது ஆறு வயதில் என்றேன். நோட்டைத் திறந்து, நோட்ஸிலிருந்து எழுதி வைத்திருந்த பக்கத்தை அடித்துவிட்டு, அடுத்த பக்கத்தில் அதை முதல் வரியாக எழுதினான்.

செவ்வாய்க்கிழமை போட்டி. பேசுவதைப் போனில் பதிவு செய்து அப்பாவுக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறான். முன்வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்று பள்ளியில் சொல்லி வைத்திருக்கிறேன்.