மகனுக்கு 18 ஆகப்போகிறது, ஹாஸ்டலுக்கு அனுப்பலாமா?

தேனிக்காரி:
வரும் ஆனியில் மகனுக்கு 18 முடிகிறது. பதினொன்றாம் வகுப்பில் பைபோலார் (மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் நோய்) என்றார்கள். அதற்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறான். நடுராத்திரியில் பீரோவைக் காலி செய்து துணியெல்லாம் கூடத்தில் பரப்பி வைத்த காலம் போய், இப்போது வீடு அமைதி. பிளஸ் டூ முடித்தாயிற்று, கோவையில் பி.காம். சீட் கிடைத்திருக்கிறது. போன தடவை டாக்டர் அறை வாசலிலேயே "நீ வெளிய இரும்மா" என்றான். டாக்டரோ, "இனி அவர்தான் கையெழுத்துப் போடணும்" என்கிறார். அவராம்! ராத்திரி மாத்திரையைக் கையில் கொடுத்து, முழுங்குகிற வரை நிற்பது நான். இவன் அப்பா, "எத்தனை நாள் முந்தானைல முடிஞ்சு வச்சிருப்ப" என்கிறார். அங்கே மறுபடி ஆரம்பித்தால் எனக்கு யார் சொல்வார்கள்? கால்கட்டு போட்டால் சரியாகும் என்று யாரும் எழுத வேண்டாம், அதை நாத்தனாரே சொல்லியாச்சு.

வைகைக்கரை:
அக்கா, நான் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளர். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, 18 வயது வரை பெற்றோர்தான் அவன் சார்பில் பேசுவார்கள். அதன் பிறகு 'நியமனப் பிரதிநிதி' என்று ஒருவரை அவனே எழுதிக் கொடுக்கலாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போடணும், அந்த ஆளும் சம்மதம் என்று எழுதிக் கொடுக்கணும். அந்த ஆளிடம் டாக்டர் சிகிச்சை பற்றிப் பேசலாம். நிலைமை மோசமாகி அவனே முடிவெடுக்க முடியாமல் போனால், அவர் விண்ணப்பித்து 30 நாள் வரை சேர்க்கவும் வழி இருக்கிறது. நன்றாக இருக்கும்போதே எழுதி வாங்குங்கள்.

பழைய அப்பா:
என் மகளும் லித்தியம்தான். ஹாஸ்டலில் மாத்திரையை விடத் தூக்கம்தான் எனக்குப் பயம். பரீட்சைக்கு ராத்திரி முழுக்க விழித்தால் அவளுக்கு அங்கிருந்துதான் கிளம்பும். இன்னொன்று, வயிற்றுப்போக்கு வந்து உடம்பில் தண்ணீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். தலைவலிக்கு ரூம்மேட் கொடுக்கிற புரூஃபென் வகை மாத்திரையாலும் ஏறும். கை நடுக்கம், தள்ளாட்டம் என்றால் உடனே டாக்டர். இதை உங்களிடம் இல்லை, அவனிடமே டாக்டர் சொல்லட்டும். அப்புறம், 14416 டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். அவன் போனில் போட்டு வையுங்கள்.

பச்சைமலை:
தினமும் பிராணாயாமம் செய்யச் சொல்லுங்கள், மாத்திரையே வேண்டாம்.

தேனிக்காரி:
பச்சைமலை சார், மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று எங்கள் தெருவுக்கே தெரியும்.

வைகைக்கரை தம்பி சொன்னதை அவனிடம் பேசினேன். சரி, 18 முடிந்ததும் எழுதித் தருகிறேன் என்று உடனே சொல்லிவிட்டான். யார் பேரை? என் தம்பி பேரை! "மாமா கத்த மாட்டாரு" என்கிறான். பெற்ற வயிறு எரியத்தான் செய்தது. ஆனால் தம்பி பீளமேட்டில்தான் இருக்கிறான், கூப்பிட்டால் பத்து நிமிஷத்தில் ஹாஸ்டலுக்குப் போய்விடுவான். வார மாத்திரை டப்பாவும் இவனே வாங்கி வந்துவிட்டான், ஞாயிறு தோறும் வீடியோ காலில் மாமாவிடம் காட்டுவானாம்.

அனுப்புவதாக முடிவு. கோவையில் காலையில் சீக்கிரம் திறக்கிற லேப் ஏதாவது தெரியுமா? லித்தியம் அளவு பார்க்க, ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரத்தில் ரத்தம் எடுக்கணும், இவனுக்குக் காலேஜ் 8.45க்கு.