அசோக மரக் கன்று எங்கே கிடைக்கும்?

அனைவருக்கும் வணக்கம். மாதவிடாயில் மிகுதியாகும் உதிரப்போக்குக்கு ஆயுர்வேத வைத்தியர்கள் தரும் அசோகாரிஷ்டத்தின் மூலப்பொருள் அசோகப் பட்டை என்பதால், அம்மரத்தை வளர்க்கும் ஆசையில் 4 ஆண்டுகளுக்கு முன் ஒரு நாற்றங்காலில் கன்று வாங்கி நட்டேன். அது இன்று ஓரம் நெளிந்த தனியிலைகளோடு ஊசிபோல் உயர்ந்து நிற்கிறது; சந்தேகமே இல்லை, அசோகமே அல்லாத வேறு மரமான நெட்டிலிங்கம்தான். (அட்டையில் என்னவோ ‘அசோகா’ என்றுதான் எழுதியிருந்தார்கள்.) உண்மையான அசோகத்துக்கு ஒரே காம்பில் பல சிற்றிலைகள் கொண்ட கூட்டிலைகள் உண்டு, செம்பு நிறத் தளிர்கள் துவண்டு தொங்கும், ஆரஞ்சு நிறத்தில் மலரும் பூங்கொத்துகள் நாளடைவில் சிவக்கும். பட்டைக்காக வெட்டப்பட்டு மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே அருகிவிட்ட இம்மரத்தின் கன்று நம்பகமாகக் கிடைக்கும் இடத்தையும், மதுரை வெயிலில் அதற்கு எத்தனை ஆண்டுகள் நிழல் தேவைப்படும் என்பதையும் வளர்த்து அனுபவமுள்ளவர்கள் தெரிவித்து உதவ வேண்டுகிறேன்.