ஜெயித்துக்கொண்டே இருப்பவர்களோடு பழகிய அனுபவங்கள்

எங்கள் குழுத் தலைவர் தொட்டதெல்லாம் துலங்கும் மனிதர். பெரிய வேலை ஒன்றைக் கெடு தேதிக்கு முன்பே முடித்த அன்று, புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, "சந்தோஷமா இருக்கா சார்?" என்று கேட்டாள். எவ்வளவு செலவு மிச்சம், அடுத்த காலாண்டுக்கு என்ன இலக்கு என்று அடுக்கினார். "இல்ல சார், உங்களுக்கு எப்படி இருக்கு?" என்றாள் மறுபடியும். அவர் பதில் தெரியாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

மனிதர்களின் சுபாவத்தை ஒன்பது வகையாகப் பிரித்து எண் கொடுக்கும் முறைக்கு எனியாகிராம் என்று பெயர். அதில் இவர்களை மூன்றாம் எண், 'சாதிப்பவர்' என்பார்கள். 2, 3, 4 மூன்றும் உணர்ச்சியை மையமாகக் கொண்ட எண்கள். ஆனாலும் நடுவில் இருக்கும் மூன்றுதான் தன் உணர்ச்சியை விட்டு அதிகம் விலகி நிற்கிறது. வேலை கெட்டுவிடும் என்று அதை ஒத்திப்போட்டே பழகிவிடுகிறது. அடியில் இருப்பது பயம்: சாதிக்காவிட்டால் எனக்கு மதிப்பே இல்லை. இவர்களைத் தலைக்கனம் பிடித்தவர்கள் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மூன்றுக்கு வளர்ச்சி ஆறின் பக்கம். தனியாக மின்னுவதை விட்டு மற்றவர்களை நம்பிச் சேர்ந்து நிற்பது. அவர் கூட்டங்களில், "இது எனக்குப் புரியல, நீங்க சொல்லுங்க" என்று கேட்க ஆரம்பித்தார். அதற்கப்புறம்தான் நாங்கள் பிரச்சினைகளை மறைக்காமல் அவரிடம் கொண்டுபோனோம்.

—

நானே மூன்றாம் எண். மேலே எழுதியவர் சொன்னதோடு இன்னொன்றையும் சொல்கிறேன். நெருக்கடி முற்றினால் நாங்கள் ஒன்பதின் பக்கம், அதாவது எதிலும் ஒட்டாமல் ஒதுங்கிக்கொள்ளும் பக்கம், சரிவோம். விடுமுறை முழுக்கக் கைப்பேசியை வெறித்துக்கொண்டு கிடப்பேன். "ரெஸ்ட் எடுக்கிறீங்களா, ஒளிஞ்சுக்கிறீங்களா?" என்று மனைவி கேட்டாள். சரியான கேள்வி. இப்போது படம் வரைகிறேன். யாரிடமும் காட்டுவதில்லை, எங்கும் போடுவதில்லை. நன்றாக வந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத ஒரே இடம் எனக்கு அதுதான். உங்களில் மூன்றாம் எண்காரர்கள் கட்டாயம் இப்படி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

—

எங்கள் வீட்டில் அப்பாவின் இந்த ஜெயிக்கும் வெறி மாரடைப்பில் போய் நின்றது. அவருடைய மருத்துவர் 'ஏ வகை' நடத்தையைப் பற்றிச் சொன்னார். மேயர் ஃபிரீட்மன், ரே ரோசன்மன் என்ற அமெரிக்க இதய மருத்துவர்கள் 1959இல் எழுதியது: எப்போதும் அவசரம், எதிலும் போட்டி, சட்டென்று மூளும் பகை. பின்னால் வந்த ஆய்வுகள், லட்சியத்தைவிட அந்தப் பகையும் கோபமுமே இதயத்துக்கு ஆபத்து என்ற பக்கம் சாய்ந்தன. அப்பாவுக்கு அது பெரிய ஆறுதல். ஆசைப்படுவதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லையே!

ஃபிரீட்மனுக்கே மாரடைப்பு வந்திருக்கிறது. தன் நோயாளிகளுக்கு அவர் கொடுத்த பயிற்சிகளில் ஒன்று, வேண்டுமென்றே நீளமான வரிசையில் போய் நிற்பது. அப்பாவும் நின்றார். முதலில் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது எரிச்சல் வந்தால், "எரிச்சலா வருது" என்று சொல்கிறார். முன்பெல்லாம் கத்துவார். அம்மாவுக்கு அதுவே போதுமாக இருக்கிறது.