கறுப்பு அட்டை விவகாரம்

குழு: சரோஜா இல்லம் 🏠
சனி, 25 அக்டோபர் 2025

காலை 6:12
சுதா: அம்மா எந்திரிச்சாச்சா? இங்க வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டே முக்கால். உன் பேத்தி நிலா இன்னும் தூங்கல

சுதா: [படம்]

சுதா: அடுத்த வெள்ளி ஹாலோவீன். எங்க தெருவுல பதினாறு வீடு. ராத்திரி கதவுகிட்ட ஒரு கார்டும் ரெண்டு சாக்லேட்டும் வச்சுட்டு, பெல்லை அமுக்கிட்டு ஓடி வந்துரணும். யாரு வச்சாங்கன்னு தெரியக் கூடாது, அதான் விளையாட்டு. கடையில வாங்கலாம்னேன். கையாலதான் பண்ணணும்னு நிலா ஒரே பிடிவாதம்

அம்மா: காலங்காத்தால போன தொறந்தா கருமாதிக் கார்டு மாதிரி இருக்கு

அம்மா: யாருக்கு என்னமோன்னு நெஞ்சே படபடன்னு ஆயிருச்சு

செந்தில்: 😂😂😂

செந்தில்: அம்மா அது வாழ்த்து அட்டை

அம்மா: கறுப்புலயா வாழ்த்து

சுதா: அம்மா, பேய் பண்டிகைக்குக் கறுப்புலதான்மா பண்ணுவாங்க. கறுப்பு, ஆரஞ்சு, வெள்ளை. அவ்வளவுதான் கலரே

அம்மா: தீபாவளி முடிஞ்சு அஞ்சு நாள் ஆகல அதுக்குள்ள பேயா

செந்தில்: போன வருசம் ரெண்டும் ஒரே நாள்ல வந்துச்சே, அக்டோபர் 31. அக்கா வீட்டு வாசல்ல ஒரு பக்கம் கோலம், ஒரு பக்கம் பூசணிக்கா. நிலா பட்டுப்பாவாடை மேல சூனியக்காரி தொப்பி போட்டுருந்தா

சுதா: அந்தப் போட்டோவ இப்ப எடுத்துப் போடாத. அவ பாத்தா இந்த வருசமும் கேப்பா

காலை 6:31
ஜெனி: அத்தை, எங்க ஊர்ல நவம்பர் 1 எல்லாப் புனிதர்களுக்கும் திருநாள், 2 கல்லறைத் திருநாள். அந்த 1-ஆம் தேதிக்கு முந்தின ராத்திரிதான் ஹாலோவீன். பேரே அதுல இருந்து வந்ததுதான். நாங்க கல்லறைக்கு வெள்ளையடிச்சு, பூ வச்சு, மெழுகுவத்தி ஏத்துவோம். அவங்க பூசணிக்குள்ள ஏத்துறாங்க

அம்மா: அப்பிடின்னா சரி

அம்மா: ஆனா கறுப்பு வேணாம்

காலை 6:40
சித்தப்பா: சுதா. அந்தப் படத்த கிட்டக்க எடுத்து அனுப்பு. மடிப்பு தெரியணும்

சுதா: [படம்]

சித்தப்பா: மடிப்புல வெள்ளை வெள்ளையா வெடிச்சுருக்கே

சுதா: ஆமா சித்தப்பா, அதான் நானும் நினைச்சேன். ஆறு கார்டு இப்பிடி ஆயிருச்சு. சீப்பான அட்டைன்னு விட்டுட்டேன்

சித்தப்பா: அட்டை மேல பழி போடாத. எத்தன ஜிஎஸ்எம்? சதுர மீட்டருக்கு எத்தன கிராம்?

சுதா: பாக்கெட்டுல 65 பவுண்டு "கவர்"னு போட்டுருக்கு

சித்தப்பா: பவுண்டா. கல்யாணத்துக்கு அரிசி வாங்குற மாதிரில்ல இருக்கு

செந்தில்: தேடிப் பாத்துட்டேன். கவர் ரக அட்டைன்னா பவுண்டை 2.7-ஆல பெருக்கணுமாம். 176 ஜிஎஸ்எம் வருது சித்தப்பா

சித்தப்பா: 176-க்கு இப்பிடி வெடிக்கக் கூடாதே. தாயி, பேப்பரை எப்பிடி வெட்டுன? நீளவாக்குலயா?

சுதா: எட்டரைக்குப் பதினொண்ணு இஞ்ச் ஷீட். நீளவாக்குல ரெண்டா வெட்டி, ஒவ்வொண்ணையும் குறுக்க மடிச்சேன். காலண்டர் மாதிரி மேல தூக்குனா தொறக்கும்

சித்தப்பா: அதான்

சித்தப்பா: 31 வருசம் கட்டிங் மிஷின்ல நின்னவன் சொல்றேன் கேளு. பேப்பருக்கும் மரத்துக்கு இருக்குற மாதிரி நார் ஓட்டம் இருக்கு. மில்லுல கூழு ஓடுற திசையில நார் பூரா ஒரே பக்கமாப் படுத்துரும். பிரஸ்ல அதுக்குக் கிரெயின்னு பேரு. மடிப்பு நாரோட போனா வழவழன்னு மடியும். நார குறுக்க ஒடிச்சா வெடிக்கும். நீ ஒடிச்சுருக்க

சித்தப்பா: உன் ஷீட்டுல நார் பெரும்பாலும் அந்தப் பதினொண்ணு பக்கமாத்தான் ஓடும். சந்தேகமா இருந்தா ஒரு ஷீட்டை எடுத்து ரெண்டு பக்கமும் லேசா வளைச்சுப் பாரு. எந்தப் பக்கம் முரண்டு பிடிக்காம வளையுதோ அந்தப் பக்கம் மடி

சுதா: இருங்க

காலை 6:58
சுதா: அட ஆமா சித்தப்பா!! ஒரு பக்கம் துணி மாதிரி வளையுது, இன்னொரு பக்கம் விறைச்சுக்கிட்டு நிக்குது. இத்தன வருசமா பேப்பர தொடுறேன், இது தெரியாது

சித்தப்பா: பதினொண்ண ரெண்டா வெட்டு, அஞ்சரை வரும். எட்டரைய மடி, நாலே கால் வரும். கார்டு அளவு அதேதான். பொஸ்தகம் மாதிரி பக்கவாட்டுல தொறக்கும். ஒரு ஷீட்டுக்கு ரெண்டு கார்டு

சித்தப்பா: மடிக்க முன்னாடி கிரீசிங் போடு, அதாவது மடியுற எடத்துல அழுத்தி ஒரு கோடு இழு. மை தீந்த பால்பாய்ண்ட் பேனா, ஸ்கேல் போதும். கோடு பள்ளமா விழுந்த பக்கம் வெளிய வரணும், புடைச்ச பக்கம் உள்ள போகணும். எல்லாரும் தலைகீழா மடிப்பாங்க

சுதா: நானும் தலைகீழாத்தான் மடிச்சேன் 🙈

சித்தப்பா: அப்புறம் அது மேல மட்டும் கறுப்பு பூசுன அட்டை, உள்ள வெள்ளை. அடுத்த தடவை வாங்குறப்ப ஓரத்துல கிழிச்சுப் பாரு. கிழிச்ச எடமும் கறுப்பா இருந்தா வாங்கு

சித்தி: காலையில இருந்து காப்பி ஆறிப்போய்க் கெடக்கு. ரிட்டையர் ஆகியும் பிரஸ் விடல

காலை 7:10
சுதா: சரி, இப்ப படம் என்ன போடுறதுன்னு சண்டை. நிலாவுக்கு சூனியக்காரி, பூனை, வானத்து நிலா, வௌவால், பூசணி, சிலந்தி எல்லாம் ஒரே கார்டுல வேணும். நூறு வருசத்துக்கு முந்தின ஹாலோவீன் போஸ்ட்கார்டு ஒண்ணு நெட்ல பாத்துட்டா, அதுல அத்தனையும் இருக்கு

சுதா: [படம்]

சித்தப்பா: அடேயப்பா. எம்போசிங் பாத்தியா, படம் புடைச்சுக்கிட்டு நிக்குது. இது ஜெர்மன்காரன் அச்சாத்தான் இருக்கும், அந்தக் காலத்துல அங்க அடிச்சுத்தான் கப்பல்ல போகும். இத்தன கலரும் ஒண்ணு மேல ஒண்ணு பிசகாம உக்காந்துருக்கு. இத கையால பண்ண நினைக்காத

ஜெனி: அண்ணி, ஒரே ஒரு பொருள் போதும். மீதி அட்டை சும்மா இருக்கட்டும். இருட்டுக்குத் தனியா படம் வரையணுமா? அட்டையே இருட்டுதானே

சுதா: வெள்ளை ஜெல் பேனால ஒரு பேய் வரையச் சொன்னேன். இவ இடது கைக்காரி. எழுதிக்கிட்டே போறப்ப முழங்கை வரைக்கும் மை. கார்டுல பேய் இல்ல, மேகம்தான் இருக்கு

செந்தில்: அதையே மழைக்காலம்னு வித்துரு

ஜெனி: பஞ்ச் மிஷின் இருக்கா? சாதா வெள்ளைப் பேப்பர்ல ரெண்டு ஓட்டை போடுங்க. ஓட்டைய விடுங்க, கீழ விழுற வட்டத்த எடுங்க. அதான் கண்ணு

காலை 7:34
சுதா: [படம்]

சுதா: ஜெனி!!!

செந்தில்: ஐயோ இது நல்லா இருக்கு. சும்மா ரெண்டு புள்ளிதான், ஆனா யாரோ நம்மளப் பாக்குறாங்க

ஜெனி: நடுவுல ஒட்டாதீங்க அண்ணி, பட்டன் மாதிரி தெரியுது. கீழ ஓரமா ஒட்டிப் பாருங்க. கட்டிலுக்கு அடியில ஒளிஞ்ச மாதிரி இருக்கும்

சுதா: ஒட்டுனோம். ரெண்டும் நெருங்கி இருந்தா எலி மாதிரி, தள்ளித் தள்ளி இருந்தா ஏதோ பெரிய உருவம். ஒரு புள்ளிய மட்டும் துளி மேல தூக்கி ஒட்டுனா தலைய சாய்ச்சுப் பாக்குது!! நிலா அதுக்குப் பேரே வச்சுட்டா. பதினாறு வீட்டுக்கும் பதினாறு பேயாம், ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காதாம்

சித்தப்பா: பசை என்ன?

சுதா: வெள்ளைப் பசை

சித்தப்பா: அது தண்ணி. அட்டை சுருங்கும், கறுப்புல பசை பட்ட எடம் பளபளன்னு காட்டிக் குடுத்துரும். பசைக் குச்சி வாங்கு. பல்குச்சி நுனியில துளி எடுத்து வட்டத்துல தடவு, அட்டையில தடவாத

சுதா: சரி சித்தப்பா. உங்களுக்கும் ஒண்ணு தபால்ல அனுப்புறேன். இவ சதுரமா வேணும்னா, நான்தான் வேணாம்னேன். சதுரக் கவருன்னா இங்க தபால்ல கூடக் காசு கேப்பான், மிஷின்ல ஓடாதாம்

அம்மா: ரெண்டு புள்ளி வச்சா கோலம் எங்க

அம்மா: எழுத்தே இல்லாம என்ன கார்டு

சுதா: உள்ள ஒரே ஒரு வார்த்தைம்மா. பயமுறுத்துறதுக்கு இங்க "பூ!"ன்னு கத்துவாங்க. அதான்

அம்மா: பூவா

அம்மா: பூன்னா நல்ல வார்த்தைதானே. மங்களமா இருக்கு. இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே

செந்தில்: 🤣🤣🤣

சுதா: [குரல் பதிவு 0:09]

செந்தில்: நிலா, "பூ"வத் தமிழ்லயே எழுதப் போறியா? சூப்பர். பக்கத்து வீட்டுக்காரங்க மண்டைய ஒடச்சுக்கட்டும்

சுதா: தமிழ் கிளாஸ்ல உருப்படியா கத்துக்கிட்டது அந்த ஒரு எழுத்துதான். ஊகாரச் சுழி போடுறதுக்கு அத்தன சந்தோசம்

செந்தில்: அக்கா ஒண்ணே ஒண்ணு. யாராவது கேட்டா அவள வாசிச்சுக் காட்ட விடாத. நம்ம "பூ"வ நம்ம மாதிரியே சொன்னா, இங்கிலீஷ்ல அது வேற சமாச்சாரம்

சுதா: டேய்ய்ய்

சுதா: அவ கேட்டுட்டா. தரையில உருண்டு சிரிக்கிறா. இன்னைக்கு இனி தூங்குன மாதிரிதான்

சித்தி: என்ன சமாச்சாரம்

செந்தில்: ஒண்ணுமில்ல சித்தி

காலை 8:05
சுதா: [படம்]

சுதா: முதல் நாலு ரெடி. நாரோட மடிச்சது. வெடிப்பே இல்ல சித்தப்பா

சித்தப்பா: 👌 ஓரம் கொஞ்சம் பிசிறு இருக்கு. பிளேடு மாத்து

அம்மா: எனக்கும் ஒண்ணு போடச் சொல்லு

சுதா: நெசமாவா? கறுப்பு பரவால்லையா?

அம்மா: என் பேத்தி கையால எழுதுன பூ. சாமி ரூம்ல வைக்க மாட்டேன். டிவி பக்கத்துல வச்சுக்கறேன்

அம்மா: நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி அனுப்பச் சொல்லு

சித்தப்பா: மதினி, கறுப்புல மஞ்சள் எடுக்காது. கவர் வெள்ளைதானே, அதுல தடவட்டும்