குளிர்காலத் தொர்ஸ்க்குக்கு எந்தத் தடி? 30 இறாத்தலோ, மெல்லிசோ?

புதுக்கரை
வணக்கம் உறவுகளே. வட நோர்வேயில துரொம்சோவுக்கு வந்து இது ரெண்டாவது பனிக்காலம். பெப்ரவரியில சினேகிதன்ர 17 அடி வள்ளத்தில தொர்ஸ்க் (கொட் மீன்) பிடிக்கப் போறம். 60 இல இருந்து 100 மீற்றர் ஆழம். கடைக்காரர் 30 இறாத்தல் தடியும் (30 இறாத்தல் தாங்கிற நூலுக்கான தடி), உருளை சுழண்டு நூல் விடுற மல்ரிப்ளையர் ரீலும் எடு எண்டுறார். சினேகிதன் கோடையில பாவிச்ச மெல்லிய ஸ்பின்னிங் தடியே காணும் எண்டுறான். கையில 3000 குரோணர் இருக்கு. எதை வாங்க?

மயிலிட்டியான்
கடைக்காரர் சொன்னதை எடும் தம்பி. 80களின்ர கடைசியில இந்த வடகோடிப் பின்மார்க் மாவட்ட மீன் ஆலைக்கு வேலைக்கு வந்த நாளில இருந்து இந்தக் கடலில தூண்டில் போடுறன். கோடை மீனும் பனிக்கால மீனும் ஒண்டில்லை. சனவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும் பாரன்ட்ஸ் கடலில இருந்து முட்டை போட இறங்கி வாற பெரிய தொர்ஸ்க், ஸ்க்ரெய் எண்டுறது, 10 கிலோவுக்கு மேலயும் கொழுவும். 300 கிராம் பில்க்கை (மீன் மாதிரி ஈயத் தூண்டில்) கட்டி 90 மீற்றரில ஏத்தி இறக்கிப் பாரும். ஸ்பின்னிங் தடி மேல வளைஞ்சு வளைஞ்சு நிக்கும், கீழ பில்க் அசையாது. தடி வளைய வேண்டியது மீனுக்கு, ஈயத்துக்கு இல்லை.

மெல்லிழை
அண்ணை, அந்த 300 கிராம் ஏன் தேவைப்படுது? நூல் மொத்தமா இருக்கிறதாலதான். 0.60 மி.மீ. தங்கூசியை (நைலோன் இழை) கழட்டிப்போட்டு 0.17 மி.மீ. பின்னல் நூலைச் சுத்துங்கோ. நீரோட்டம் பிடிக்கிற பரப்பு மூண்டில ஒண்டையும் விடக் குறைஞ்சிடும். ஓட்டம் மெல்லிசா இருக்கேக்க நான் 80 மீற்றருக்கு 120 கிராம்தான் போடுறனான். அதுக்கு 2.4 மீற்றர் ஸ்பின்னிங் தடியும் 5000 அளவு ரீலும் தாராளம். நாள் முழுக்க ஏத்தி இறக்கினாலும் தோள் நோகாது.

இன்னொண்டு. புதுக்கரை பிடிக்கப்போறது தொர்ஸ்க் மட்டுமில்லை. அதே அடியில ஹீசெ (ஹடொக்) மீனும் வரும். அதுக்கு வாய் மெல்லிசு. 30 இறாத்தல் தடியால வெட்டி இழுத்தா வாய் கிழிஞ்சு போயிடும்.

மயிலிட்டியான்
தங்கூசி எண்டு நான் எங்க எழுதினனான்? நானும் பின்னல் நூல்தான், ஆனா 0.28. அடி கல்லு. 0.17 நூல் கல்லில ஒருக்கா உரசினாக் காணும், 90 குரோணர் பில்க்கோட போயிடும். ஓட்டம் மெல்லிசா இருக்கேக்க எண்டு நீரே எழுதியிருக்கிறீர். ஓட்டம் கடுமையான பௌர்ணமி, அமாவாசை நாளில வந்து 120 கிராமைப் போட்டுப் பாரும். அது அடிக்குப் போகாது, பக்கத்து வள்ளத்துக்குத்தான் போகும்.

கணக்கன்
ரெண்டு பேரும் தடியைப் பற்றிச் சண்டை பிடிக்கிறியள். தடி கடைசிக் கேள்வி. ஆழமும் ஓட்டமும் ஈயத்தை முடிவு பண்ணும், ஈயம் தடியை முடிவு பண்ணும். 60 கிராம் எண்டு எழுதின தடியில 300 கிராம் கட்டினா சண்டையில்லாமலே முறியும்.

கல்லுப் பிரச்சினைக்கு மருந்து மொத்த நூல் இல்லை, நுனியில 2 மீற்றர் 0.80 தங்கூசி. கல்லில உரசிறது அந்தத் துண்டு. தங்கூசியை முழுக்கச் சுத்தினா அது இழுபடும், 90 மீற்றரில மீன் தட்டுறது கைக்குத் தெரியாது. பின்னல் நூல் இழுபடாது. ஆனா அது தண்ணி குடிக்கும். -10 இல அந்தத் தண்ணி வளையங்களில உறைஞ்சு நூல் ஓடாது. மெல்லிழை இதைச் சொல்லேல்லை.

மெல்லிழை
தடி நுனியைக் கடலில ஒருக்காத் தோய்ச்சா உருகிடும். கடல் 3, 4 பாகைதான், எண்டாலும் காத்தை விடச் சூடு. விரலால தட்டி ஐஸ் உடைக்கக் கூடாது, வளையத்துக்குள்ள இருக்கிற பீங்கான் வெடிக்கும்.

ஒஸ்லோக்காரன்
இவ்வளவு பாடுபடத் தேவையில்லை. தெற்கில ஒஸ்லோ பியோர்டில (கடல் உள்வாய்) கரையில நிண்டு ஒரு சின்னத் தடியால தொர்ஸ்க் எடுக்கலாம்.

கணக்கன்
எடுக்கேலாது. தெற்கில தெலமார்க் மாவட்டத்தில இருந்து சுவீடன் எல்லை வரைக்கும், ஒஸ்லோ பியோர்டும் சேர்த்து, 2019 யூன் 15 இல இருந்து பொழுதுபோக்குக்குத் தொர்ஸ்க் பிடிக்கத் தடை. தவறிக் கொழுவி உயிரோட இருந்தா விட்டிட வேணும். வடக்கில, 62 பாகை அகலக்கோட்டுக்கு மேல, 44 செ.மீ. தான் ஆகக்குறைஞ்ச அளவு. 90 மீற்றரில இருந்து வேகமா ஏத்தினா காத்துப்பை ஊதிப்போகும், விட்டாலும் குஞ்சு பிழைக்கிறது கஷ்டம். சின்னன் தட்டுற இடமெண்டா வேற இடத்துக்குப் போங்கோ.

ஒஸ்லோக்காரன்
சரி ஐயா, நான் மக்கரல் மீன் பிடிக்கிற ஆள். போயிட்டு வாறன்.

மயிலிட்டியான்
மெல்லிழை, போன வருசம் இதே இடத்தில தடி முறிஞ்ச கதை எழுதினீரே, -12 குளிரில கார்பன் வெடிச்சது எண்டு. அந்த மெல்லிசையே இந்தப் பெடியனுக்கும் வாங்கச் சொல்லுறீர்?

மெல்லிழை
அது குளிரால இல்லை எண்டு பிறகுதான் விளங்கினது அண்ணை. மீன் வள்ளத்துக்குக் கிட்ட வந்த நேரம் தடியை நெட்டுக்குத்தாத் தூக்கினனான். முழுப் பாரமும் நுனியில விழுந்தது. முதல் நாள் பில்க் ஆடி அதே இடத்தில அடிச்சதும் ஞாபகம். பிழை என்ர கையில. உங்கட 30 இறாத்தல் தடியையும் அப்பிடித் தூக்கினா முறியும்.

மயிலிட்டியான்
ஒத்துக்கொண்டதுக்குச் சந்தோசம். ஆனா மொத்தத் தடி அந்தப் பிழையைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். பழகிற ஆளுக்கு அதுதான் தேவை. வாடைக் காலத்தில ஊரில, யாழ்ப்பாணத்து மயிலிட்டியில, தங்கூசியும் ஈயமும்தான். நாங்கள் பிழை விட்டா விரல்தான் அறுந்தது.

தம்பி, நூல் கல்லில சிக்கினா கையில சுத்தி இழுக்காதையும். ஒரு மரக்கட்டையில சுத்தி இழும். மிதவை அங்கி போட்டுக்கொண்டு போம். 8 மீற்றருக்குக் குறைஞ்ச வள்ளம் ஓடேக்க அது 2015 மேயில இருந்து சட்டம்.

புதுக்கரை
சனிக்கிழமை போயிட்டு வந்தம். கடைசியா நான் வாங்கினது 20 இறாத்தல், 2.1 மீற்றர் தடி, சின்ன மல்ரிப்ளையர், 0.20 பின்னல் நூல். ரெண்டு பேரும் திட்டலாம்.

காலையில -9. ரீலுக்குள்ள கிறீஸ் இறுகி முதல் அரை மணித்தியாலம் ஈயம் இறங்கவே மாட்டன் எண்டுது. பிறகு 200 கிராம் பில்க்குக்கு 5 கிலோவில ஒரு தொர்ஸ்க். சினேகிதன் ஸ்பின்னிங்கில 7 கிலோ எடுத்தான், ஆனா அவன்ர மீன் அடியில இல்லை. 95 மீற்றர் ஆழத்தில 60 இல நிண்டது, எக்கோவில (மீன் காட்டுற கருவி) பாத்துத்தான் நிப்பாட்டினான். மத்தியானம் இறால் குத்தி ஹீசெக்குப் போட்டன். நாலு தட்டினது, ரெண்டு வாய் கிழிஞ்சு போட்டுது.

கணக்கன்
60 இல நிண்டதில புதினமில்லை. தெற்கால லொபோத்தன் தீவுப் பக்கம் முட்டை போட வாற ஸ்க்ரெய் 4 இல இருந்து 6 பாகைத் தண்ணி எந்த மட்டத்தில கிடக்குதோ அங்கதான் நிக்கும். உங்கட பக்கம் இரைக்குப் பின்னாலயும் மேல ஏறும். அடி, அடி எண்டு ஈயத்தை நிலத்தில குத்திக்கொண்டு இருக்கிறதில பிரியோசனமில்லை. ரீலைக் கழுவி, கிறீஸைத் துடைச்சு, மெல்லிய எண்ணெய் விடுங்கோ.

மெல்லிழை
கிழிஞ்ச ரெண்டு ஹீசெயைப் பற்றி மயிலிட்டி அண்ணை இன்னும் ஒண்டும் சொல்லேல்லை.

மயிலிட்டியான்
ஹீசெக்கு நான் தடியே பிடிக்கிறேல்லை. கைத்தூண்டில்தான்.