எமிலி காமே உங்வாரே: அரூபமா, அல்ஹல்கெரே மண்ணா?

கரிக்கோடு:
அல்ஹல்கெரே நிலத்தில் பிறந்த ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியர் எமிலியை நவீன அரூப ஓவியராகப் பார்ப்பதுதான் சரி. 1995இல் அவர் வரைந்த ‘பெரிய கிழங்குக் கனவு’ 8 மீட்டர் அகலம், ஏறக்குறைய 2.9 மீட்டர் உயரம். கறுப்புப் பரப்பில் வெள்ளைக் கோடுகள் மட்டும். சடங்குக் கதையைச் சேர்த்தால் கோட்டைப் பார்ப்பதை விட்டு விளக்க அட்டையைப் படிக்கப் போய்விடுவோம்.

செம்மண்:
ஒத்துக்கொள்ள முடியாதுங்க. அந்தக் கோடுகள் பென்சில் கிழங்கு என்ற காட்டுக்கிழங்கின் நிலத்தடி வேர்கள். கிழங்கு பருத்ததும் மேலே தரை வெடிக்கும். அந்த வெடிப்பைப் பார்த்துத்தான் பெண்கள் தோண்டுவார்கள். பெண்கள் நடத்தும் அவ்லியே சடங்கில் மார்பிலும் தோளிலும் பூசும் பட்டைகள்தான் 1994 வாக்கில் இணைகோடுகளாகக் கேன்வாஸுக்கு வந்தன. அட்டையைத் தூக்கிப் போட்டாலும் இது படத்துக்குள்ளேயே இருக்கு.

கரிக்கோடு:
அந்தச் சடங்கு, அவர் வாழ்ந்த மத்திய ஆஸ்திரேலியாவின் யுடோபியா பகுதியில் மற்றப் பெண்களுக்கும் உரியதுதானே? இந்த வீச்சு ஏன் இவரிடம் மட்டும்?

மெழுகுத்துணி:
இரண்டு பேரும் பாத்திக்கை, அதாவது துணியில் மெழுகால் வரைந்து சாயமேற்றும் கலையை, விட்டுட்டீங்க. 1977 முதல் பத்தாண்டுக்கு மேல் அதில் பழகிய கை அது. மெழுகு ஆறிப்போனால் துணிக்குள் இறங்காமல் மேலேயே உட்காரும், அடியில் சாயம் கசியும். சூடு கூடினால் கோடு பரவும். விழுந்த மெழுகை அழித்துத் திருத்தவும் வழியில்லை. அதனால் தயங்காமல் இழுக்கணும். கடைசியில் துணியைக் கொதிக்கவைத்து மெழுகெடுப்பது பெரிய பாடு. 1988-89இல் அக்ரிலிக் வண்ணம் கிடைத்ததும் அவர் பாத்திக்கை விட்டதில் ஆச்சரியமே இல்லை.

இன்னொன்று. கோடு 1994இல் புதிதாக வந்ததல்ல, செம்மண். தொடக்க கேன்வாஸ்களிலேயே முதலில் கிழங்குக்கொடியின் கோட்டுவலை, அதன்மேல்தான் புள்ளிகள். பிறகு தூரிகையைச் செங்குத்தாகக் குத்தி, மயிர் விரிய, புள்ளியைப் பூவளவுக்குப் பெருக்கினார். அப்போது வலை மறைந்தது. 1995இல் புள்ளியை நீக்கியதும் அடிவலை வெளியே வந்தது.

செம்மண்:
அடிவலை பற்றிச் சொன்னது சரி. அதுவும் கிழங்குதானே! கேன்வாஸைத் தரையில் விரித்து, அதன்மேலேயே உட்கார்ந்து வரைந்தவர். மேல், கீழ் என்ற திசையே அதில் கிடையாது. சுவரில் மாட்டியது நாம்.

கரிக்கோடு:
அப்படியானால் 1996இல், இறப்பதற்குச் சில நாள் முன், மூன்றே நாளில் முடித்த 24 சிறு கேன்வாஸ்கள்? அடிப்பூச்சுக்கான பட்டைத் தூரிகையால் இழுத்த அகல வண்ணப்பட்டைகள். கிழங்கு எங்கே, வேர் எங்கே?

செம்மண்:
எதை வரைகிறீர்கள் என்று கேட்டபோது கிழங்கு, முள்பல்லி, புல்விதை, ஈமு என்று அடுக்கி, “மொத்தமும்” என்றவர் அவர். அந்த 24இலும் இருப்பது அல்ஹல்கெரே நிலம். கிழங்கை மட்டும் ஏன் தேடுறீங்க?