டிஸ்க் பிதுக்கம்: காலைத் தொட்டுப் பார்த்தாங்களா, படத்தை மட்டும் பார்த்தாங்களா?

வளவுவீட்டு ஆச்சி
ஏழெட்டு மாசமாச்சு, இன்னும் மனசு ஆறலை. முன்னோருக்குப் படைக்குற படைப்புக்குப் பெரிய வீட்டைத் திறந்தோம். பித்தளை அண்டாவுக்கு நானும் ஒரு கை கொடுத்தேன். ரெண்டாங்கட்டு நிலைப்படி தாண்டுறதுக்குள்ள இடுப்புல சுரீர்னு ஒன்னு, பிட்டத்துலேர்ந்து கால் கட்டைவிரல் வரைக்கும் இழுத்துச்சு. எம்.ஆர்.ஐ.யில எல்4-எல்5, அதாவது இடுப்புப் பக்கத்து நாலாவது, அஞ்சாவது முதுகெலும்புக்கு நடுவுல இருக்குற டிஸ்க் பிதுங்கியிருக்காம்.

முதல்ல காட்டின டாக்டர் படத்தை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தார். "பெருசாப் பிதுங்கியிருக்கு, திங்கட்கிழமை அட்மிட் ஆயிடுங்க." அவ்வளவுதான். என் கண்டாங்கி மடிப்புகூடக் கலையலை.

மதுரையில பார்த்தவர் கவரைப் பிரிக்கவே விடலை. மல்லாக்கப் படுக்கவெச்சு, முட்டியை மடக்காம காலைத் தூக்கினார். பாதி தூரம்கூட வரலை, அலறிட்டேன். குதிகாலால நட, முன்காலால நடன்னார். ஒன்னுக்குப் போறதுல சிரமம் உண்டா, உட்காருற இடம் மரத்திருக்கான்னு கேட்டார். எங்க வீட்டய்யா முன்னாடி கேட்டது கூச்சமாப் போச்சு. "ரெண்டும் இல்லைல்ல? ஆறு வாரம் பொறுங்க ஆச்சி"ன்னார். ஏழாவது வாரம் வலி காலை விட்டு இடுப்போட நின்னுடுச்சு. முதல் ஆள் சொன்ன திங்கட்கிழமை நான் போய்ப் படுத்திருந்தா?

கல்லுக்காரன், ஆத்தங்குடி
ஆச்சி, பொறுக்குறது எல்லாருக்கும் ஆகாது. கண்ணாடி மேல அச்சு வெச்சுத் தரைக்கல்லுக்குக் கலவை ஊத்துற வேலை எனக்கு, நாள் முழுக்கக் குனிஞ்சபடிதான். கால் இழுத்தப்போ ஒருத்தர்கிட்ட போனேன், எண்ணெய் தேய்ச்சு முதுகுல ஏறி மிதிச்சார். மூணாம் நாள் ஊருணிப் பக்கம் நடக்குறேன், பின்னாடிலேர்ந்து ஒரு பொடியன் "அண்ணே, செருப்பு!"ங்கிறான். பத்தடி பின்னால கிடக்கு. கழன்டதே தெரியலை எனக்கு. பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன், வரலை.

அதே வாரம் ஆபரேஷன், மைக்ரோ டிசெக்டமி, சின்னதாக் கிழிச்சு நரம்பை அழுத்துற டிஸ்க் துண்டை எடுக்குறது. மறுநாளே நடக்கவிட்டாங்க. கால் வலி போயிடுச்சு. பாதம் முழுசாத் திரும்பலை, அசந்தா இன்னமும் தரையில உரசும்.

தேவகோட்டை
மிதிச்சதாலதான்னு எப்படிச் சொல்றீங்க? தானாவும் பாதம் விழும். மிதிக்கப் போனது தப்புதான், அது வேற விஷயம்.

எனக்கு எல்5-எஸ்1, ஆச்சிக்கு வந்ததுக்கு அடுத்த கீழ் டிஸ்க். முதுகுல ஸ்டீராய்டு ஊசி போட்டாங்க, பத்து நாள்ல பறந்தேன். அந்தத் தெம்புல தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலேர்ந்து பழனி கிளம்பிட்டேன். சிங்கம்புணரி தாண்டலை, ரோட்டோரம் குப்புறப் படுத்தவன் வேனிலதான் திரும்பினேன். ஊசி வீக்கத்தை அடக்கும், பிதுங்கினதை உள்ள தள்ளாது. அதை முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாம்.

சும்மா ஒரு வாசகன்
எனக்கு வெறும் பிடிப்பு, நாலு நாள்ல போயிடுச்சு. ஆனாலும் சொல்றேன். கட்டிலே கதின்னு கிடக்காதீங்க, ரெண்டு நாளுக்கு மேல படுத்தா முதுகு இன்னும் இறுகும். கொஞ்சம் கொஞ்சமா நடங்க. மல்லாக்கப் படுத்தா முட்டிக்கடியில தலையணை. தும்மல் வந்தா சுவரைப் பிடிச்சுக்குங்க. சிகரெட்டை விடுங்க. படத்தைப் பார்த்துப் பயப்படாதீங்க, வலியே இல்லாதவங்களை எடுத்தாலும் நிறையப் பேருக்குப் பிதுக்கம் தெரியும். பெருசாப் பிதுங்கினதுகூடப் பல பேருக்குத் தானாச் சுருங்கும். ஆபரேஷன் கால் வலியைச் சீக்கிரம் எடுக்கும், வெறும் இடுப்பு வலிக்கு அவ்வளவு உதவாது. ஒன்னுக்கு வராம அடைச்சாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடணும். அப்புறம் தரையில உட்கார்ந்து காய் நறுக்காதீங்க, அண்டாவுக்குக் கை கொடுக்காதீங்க, மெத்தையை மாத்துங்க...

வளவுவீட்டு ஆச்சி
தலையணை, மெத்தை எல்லாம் ஆச்சு தம்பி. நான் கேட்டது அது இல்லை. காலைத் தொடாமலே ஆபரேஷனுக்கு நாள் குறிச்சது எனக்கு மட்டுந்தானா?